விளையாட்டு எதற்குப் பரிசு கொடுக்கிறது? – பிள்ளைகளின் ‘வாழ்க்கை’ ஆட்டங்கள் பற்றிப் பெற்றோருக்கு



கோடை விடுமுறையில் விழுப்புரத்தில் நாங்கள் நடத்திய தீனியாத் வகுப்பு முடிந்த ஒரு மாலை, ஒரு தாய் தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தார். மகள் ஏழாம் வகுப்பு. கணவர் சவூதியில் வேலை செய்கிறார். “துப்பாக்கி ஆட்டம் எதையும் அவள் தொடமாட்டாள். வீடு கட்டுவது, வேலைக்குப் போவது, குடும்பம் நடத்துவது என்று ஏதோ ஓர் ஆட்டம். நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். நேற்று என்னிடம் வந்து, ‘அம்மா, அத்தா மௌத்தாயிட்டாருன்னா வீடும் பணமும் எனக்கு வந்துடும், தெரியுமா?’ என்கிறாள். நெஞ்சு பதறிப் போச்சு. செல்லைப் பிடுங்கிப் போட்டுடட்டுமா?” என்று கேட்டார்.

அன்று அவருக்கு அவசரமாகப் பதில் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அதன்பின் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எங்கள் வகுப்புகளுக்கு வரும் பிள்ளைகளிடம் உட்கார்ந்து, அவர்கள் என்ன ஆடுகிறார்கள், எப்படி ஆடுகிறார்கள் என்று கேட்டோம். சில ஆட்டங்களை நாங்களே ஆடியும் பார்த்தோம். அதில் தெரிந்துகொண்டதையும் படித்து அறிந்ததையும் இங்கே தருகிறோம். அந்தப் பெண்பிள்ளை ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறோம்.

வாழ்க்கை விளையாட்டு என்றால் என்ன?

சொப்பு வைத்துச் சோறு ஆக்கி விளையாடாத பிள்ளை நம் ஊரில் உண்டா? மண்ணைச் சோறாகவும் இலையைக் குழம்பாகவும் வைத்து, ஒருத்தி அம்மா, ஒருவன் அத்தா, சின்னவள் பிள்ளை என்று ஆடுவார்கள். பெரியவர்களின் வாழ்க்கையைப் பிள்ளைகள் ஒத்திகை பார்க்கும் விளையாட்டு அது. அதையே திரைக்குள் வைத்தால் வாழ்க்கை விளையாட்டு.

1996இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் டமகோச்சி என்ற முட்டை வடிவப் பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் இருக்கும் குட்டிப் பிராணிக்கு வேளாவேளைக்கு உணவு கொடுக்க வேண்டும். மறந்தால் அது செத்துப்போகும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘தி சிம்ஸ்’ வந்தது. ஒரு குடும்பத்தை உருவாக்கி, வீடு கட்டி, வேலைக்கு அனுப்பி, அவர்களின் அன்றாட வாழ்வை நாமே நடத்தும் ஆட்டம். 2009இல் ஃபேஸ்புக்கில் ‘ஃபார்ம்வில்’ என்ற பண்ணை ஆட்டம் பரவியது. பிறகு எல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்டன. பூனைக்குச் சோறு ஊட்டும் ‘டாக்கிங் டாம்’, விவசாயம் செய்யும் ‘ஹே டே’, வீடும் ஊரும் அமைக்கும் ‘டோக்கா போக்கா’, ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு வயது கூடும் ‘பிட்லைஃப்’, ஆயிரக்கணக்கான ஆட்டங்களை உள்ளடக்கிய ‘ரோப்ளாக்ஸ்’ எனப் பட்டியல் நீளும்.

இவற்றில் பெரும்பாலானவற்றில் ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. அதனால்தான் நாம் எட்டிப் பார்ப்பதில்லை. நாம் படத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறோம். ஆனால் பிள்ளைக்குப் பாடம் நடத்துவது படம் மட்டும் அல்ல, விதி. எதைச் செய்தால் பாயிண்ட், எதைச் செய்தால் நஷ்டம், எதைச் செய்தாலும் ஒன்றும் ஆகாது என்று அந்த ஆட்டம் வகுத்திருக்கிறதே, அந்த விதிக்குள்தான் பண்பு உட்கார்ந்திருக்கிறது.

பலகை காலத்திலேயே இது உண்டு

இது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த புதுமை அல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் நம் இந்துச் சகோதரர்கள் கண்விழித்து ஆடும் பரமபத சோபான படத்தைப் பார்த்திருப்பீர்கள். நற்குணம் ஏணியில் ஏற்றும், தீக்குணம் பாம்பின் வாயில் தள்ளும். ஸூஃபிகளிடமும் ‘ஷத்ரஞ்சுல் ஆரிஃபீன்’ என்ற பெயரில் இதைப் போன்ற கட்டம் இருந்தது. அந்த விளையாட்டு இங்கிலாந்துக்குப் போனது. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டங்களில் எழுதியிருந்த குணங்களின் பெயர்கள் உதிர்ந்து, வெறும் பாம்பும் ஏணியும் எண்ணும் மிஞ்சின. இன்று கடையில் வாங்கும் பாம்பு–ஏணி அட்டையில் ஏறுவதற்கும் காரணம் இல்லை, இறங்குவதற்கும் காரணம் இல்லை.

அமெரிக்காவில் 1860இல் மில்டன் பிராட்லி என்பவர் வாழ்க்கையை வைத்து ஒரு கட்ட விளையாட்டை வெளியிட்டார். நேர்மை, உழைப்பு போன்ற கட்டங்கள் முன்னேற்றும். சூதாட்டம், சோம்பல் போன்றவை கீழே இழுக்கும். மகிழ்ச்சியான முதுமையை அடைவது பெரிய வெற்றி. தாயக்கட்டை சூதாட்டக்காரர் கையில் புழங்கியதால் அதைத் தவிர்த்து, எண் எழுதிய சிறு பம்பரத்தைச் சுழற்றும்படி வைத்தார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1960இல், அதே நிறுவனம் ‘தி கேம் ஆஃப் லைஃப்’ என்று அதற்குப் புது வடிவம் கொடுத்தது. இம்முறை யாரிடம் பணம் அதிகமோ அவரே வென்றவர். வாழ்க்கை என்ற பெயர் அப்படியே இருந்தது. வெற்றி என்பதன் பொருள் மாறிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் மறுபடி திருத்தி, குப்பையை மறுசுழற்சி செய்வது போன்ற நற்செயல்களுக்கும் பரிசு வைத்தார்கள்.

நம் வீடுகளில் ‘டிரேட்’, ‘பிசினஸ்’ என்ற பெயரில் கிடக்கும் அட்டை விளையாட்டின் கதை இன்னும் வியப்பானது. பம்பாய், மதராஸ் என்று ஊர்களை வாங்கி, அங்கே வந்து நிற்பவரிடம் வாடகை பிடுங்கி, கடைசியில் மற்ற எல்லாரையும் போண்டியாக்கினால் வெற்றி. இதன் மூலத்தை 1904இல் காப்புரிமை பெற்றவர் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி. நிலம் முழுவதும் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி நாசமாகிறார்கள் என்று காட்டவே அவர் அதை உருவாக்கினார். அதிலிருந்து வளர்ந்த ‘மோனோபோலி’யை 1935 முதல் ஒரு பெரிய நிறுவனம் விற்கத் தொடங்கியது. எச்சரிக்கைக்காகச் செய்த ஆட்டம், ஏகபோகத்தைக் கொண்டாடும் ஆட்டமாக மாறிப்போனது. ஆடும் பிள்ளைக்கு மேகி அம்மையாரின் எண்ணம் தெரியாது. எதைச் செய்தால் ஜெயிப்போம் என்பது மட்டும் தெரியும்.

செல்போன் ஆட்டம் சொல்லிக் கொடுக்கும் நான்கு பாடங்கள்

முதல் பாடம்: பொருள் கூடினால் மகிழ்ச்சி கூடும். சிம்ஸ் ஆட்டத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் பசி, தூக்கம், சுத்தம், சௌகரியம், பொழுதுபோக்கு, பழக்கம் என்று கோடுகள் உண்டு. கோடு குறைந்தால் சிவப்பு, நிறைந்தால் பச்சை. மலிவான சோபாவில் உட்கார்ந்தால் சௌகரியம் கொஞ்சம் ஏறும். விலை உயர்ந்ததில் உட்கார்ந்தால் கிடுகிடுவென ஏறும். அறையில் அழகான பொருள் வைத்தால் அதற்கும் ஒரு கோடு ஏறும். இதை உருவாக்கிய வில் ரைட்டின் வீடு 1991இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் மலைப்பகுதியில் ஏற்பட்ட பெருந்தீயில் எரிந்துபோனது. எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டிய நிலையில், ‘மனிதனுக்கு உண்மையில் என்னென்ன பொருள் தேவை?’ என்ற எண்ணம் எழுந்தது. அதிலிருந்தே இந்த ஆட்டம் பிறந்தது. நல்ல கேள்வி. பொருள் மோகத்தைக் கிண்டல் செய்யும் நோக்கமும் அவருக்கு இருந்தது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குக் கிண்டல் புரியாது, சோபா புரியும். பணம் தட்டுப்பட்டால் ஒரு ரகசியச் சொல்லைத் தட்டினால் போதும், பணம் கொட்டும் என்பதும் புரியும்.

இரண்டாம் பாடம்: உறவும் ஒரு கோடுதான். பல ஆட்டங்களில் தாய், தகப்பன், நண்பன் எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு கோடு இருக்கும். பேசினால் ஏறும், பேசாமல் விட்டால் இறங்கும். உறவைக் கவனிக்காமல் விட்டால் தேய்ந்துபோகும் என்பது உண்மைதான். அந்த வகையில் நல்ல பாடம். ஆனால் வாழ்க்கையில் உம்மாவிடம் பேசுவது கோடு ஏற்றுவதற்காக அல்ல. படுத்த படுக்கையாகக் கிடக்கும் நன்னிக்குப் பணிவிடை செய்யும் பிள்ளைக்கு எந்தக் கோடும் ஏறாது. நன்னிக்குச் சில நேரம் நம்மை அடையாளம்கூடத் தெரியாது. பலன் தெரியாத அன்பை எழுத்தாலும் எண்ணாலும் ஆன ஓர் ஆட்டம் சொல்லிக் கொடுக்க முடியாது. அதை வீடுதான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் பாடம்: காத்திருப்பது கஷ்டம், காசு கொடுத்தால் காத்திருக்க வேண்டாம். ஹே டே ஆட்டத்தில் விதைத்த கோதுமை இரண்டு நிமிடத்தில் அறுவடைக்கு வரும். வேறு பயிர்களுக்கு மணிக்கணக்கில் ஆகும். பொறுக்க முடியாவிட்டால் வைரம் கொடுத்து உடனே முடிக்கலாம். வைரம் தீர்ந்தால் உண்மையான பணம் கொடுத்து வாங்கலாம். நம் மாவட்டத்தில் மல்லாட்டை போட்டால் செடி பிடுங்க நூறு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் எத்தனை களை, எத்தனை பூச்சி! 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவை யாரும் மறந்திருக்க மாட்டோம். திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விளைந்து நின்ற நெல் தண்ணீருக்கடியில் போனது. எந்த வைரம் கொடுத்தும் அதை மீட்க முடியவில்லை. ஊர் கூடி ஒருவருக்கொருவர் கொடுத்த சோறும் போர்வையும்தான் அன்று மனிதர்களைத் தாங்கின. அந்தப் பண்ணை ஆட்டத்திலும் பக்கத்துப் பண்ணைக்கு உதவும் வழி இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் எங்களுக்குக் காட்டினார்கள். உங்கள் பிள்ளை அந்தப் பகுதியைத் தொடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நான்காம் பாடம்: கடனும் வட்டியும். ‘அனிமல் கிராசிங்’ என்பது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தின் ஆட்டம். அதை ஆடுவதற்கான கருவி நம் ஊரில் அரிது. என்றாலும் விதி எப்படிப் பாடமாகிறது என்பதற்கு நல்ல உதாரணம். 2020இல் வந்த அதன் பதிப்பில், வீடு கட்ட ஒரு வியாபாரி கடன் தருவார். வட்டி இல்லை, தவணைத் தேதி இல்லை, முடிந்தபோது கட்டலாம். ஏறக்குறைய நாம் சொல்லும் அழகிய கடன்தான். ஆனால் அதே ஆட்டத்தின் வங்கியில் சேமித்தால் மாதாமாதம் வட்டி வரும். அதற்காகவே பணத்தைக் குவித்தவர்கள் பலர். வெளியான அடுத்த மாதமே நிறுவனம் மாத வட்டியின் உச்சத்தை 99,999 நாணயத்திலிருந்து 9,999 ஆகக் குறைத்தது. ஒரே ஆட்டத்தில் வட்டியில்லாக் கடனும் இருக்கிறது, உட்கார்ந்த இடத்தில் பெருகும் வட்டியும் இருக்கிறது. இரண்டில் எது சரி என்று ஆட்டம் சொல்லாது. பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் இருக்கும் பெரியவர்.

ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது போலவே, என்ன இல்லை என்றும் பார்க்க வேண்டும். பல ஆட்டங்களில் வாசலில் வந்து கை நீட்டும் ஏழை இல்லை. பாங்கு சத்தம் கேட்டு வேலையை நிறுத்துவது இல்லை. நோன்பு வைத்துப் பசியைத் தாங்குவது இல்லை. பசி என்றாலே உடனே நிரப்ப வேண்டிய கோடு. இல்லாததைப் பிள்ளை கவனிக்காது. வாழ்க்கை என்றால் இவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் எல்லாமே கெட்டதா?

இல்லை. நியாயமாகப் பேச வேண்டும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அனிமல் கிராசிங் உட்பட இரண்டு ஆட்டங்களை ஆடிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை ஆராய்ந்தார்கள். ஆடும் நேரத்தை நிறுவனங்களிடமிருந்தே வாங்கிக் கணக்கிட்டார்கள். அதிகம் ஆடியவர்களின் மனநிலை கெட்டிருக்கவில்லை; சிறிய அளவில் நன்றாகவே இருந்தது. 2021இல் இது வெளியானது. ஆராயப்பட்டவர்கள் பெரியவர்கள், பிள்ளைகள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறுபுறம், ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் தூக்கம், படிப்பு, உறவு எல்லாம் கெடும் நிலையை உலக சுகாதார நிறுவனம் ஒரு கோளாறாகவே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது.

நல்ல விதி உள்ள ஆட்டங்களும் உண்டு. எரிக் பரோன் என்ற ஒரே இளைஞர் பல ஆண்டுகள் தனியாக உழைத்து 2016இல் வெளியிட்ட ‘ஸ்டார்டூ வேலி’யில், பாழடைந்து கிடக்கும் ஊர்ப் பொதுக் கட்டடத்தைப் புதுப்பிக்க இரண்டு வழி உண்டு. வயலிலும் ஆற்றிலும் உழைத்து ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துக் கொண்டுவந்து வைக்கலாம். அல்லது பெரிய கம்பெனிக் கடைக்கு உறுப்பினர் பணம் கட்டி, பொதுக் கட்டடத்தை அதன் கிடங்காக ஆகவிடலாம். எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது ஆடுபவர் கையில். இதே ஆட்டத்தில் சாராயம் காய்ச்சி விற்கவும் வழி இருக்கிறது. முழுக்க நல்லது, முழுக்கக் கெட்டது என்று ஓர் ஆட்டத்துக்கு முத்திரை குத்த முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இன்னொரு செய்தி. அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி டர்க்கிள் 1990களில், நகரத்தை ஆளும் ‘சிம்சிட்டி’ ஆட்டத்தில் தேர்ந்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவியைப் பற்றி எழுதியிருக்கிறார். வரியைக் கூட்டினால் கலவரம் வரும் என்பதை அந்த மாணவி மாறாத நியதி போலச் சொன்னாளாம். அது உலகத்தின் நியதி அல்ல. ஆட்டத்தை எழுதியவர் வைத்த விதி. வேறு ஒருவர் எழுதியிருந்தால், வரி கூடும்போது பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வளரும்படி வைத்திருக்கலாம். ஆடத் தெரிந்த பிள்ளைக்கும் அது தோன்றவில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து “இந்த விதியை யார் வைத்தது?” என்று கேட்டிருந்தால் தோன்றியிருக்கும். பெரியவரின் ஒரு கேள்விக்கு அவ்வளவு பலம் உண்டு.

பணமும் அந்நியரும்

பண்பைப் பற்றிப் பேசும்போதே இரண்டு ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று பணம். திண்டிவனத்தில் சிறு கடை வைத்திருக்கும் ஒரு சகோதரரின் கணக்கிலிருந்து 79 ரூபாய், 159 ரூபாய் என்று சிறுகச் சிறுகப் போயிருந்தது. மகன் ஆட்டத்து வீட்டுக்கு நாற்காலியும் விளக்கும் வாங்கியிருக்கிறான். “பின் நம்பர் அவனுக்குத் தெரியாதே” என்றார். முதலில் ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால், பிறகு பின் நம்பர் கேட்காமலேயே பணம் போகும் ஏற்பாடுகள் இருக்கின்றன. அந்தப் பையன் திருடன் அல்ல. ஆட்டத்துக் காசும் அத்தாவின் காசும் அவன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தன. இது நம் ஊரில் மட்டும் உள்ள சிக்கலும் அல்ல. பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் ஆட்டங்களுக்குள் வாங்கிய பொருட்களுக்காக, 2014இல் அமெரிக்க அரசின் நடவடிக்கையால் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரும், கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரும் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டன.

சட்டம் இருக்கிறதே என்று நாம் இருந்துவிடக் கூடாது. தமிழக அரசு 2022இல் இயற்றி 2023இல் ஆளுநர் ஒப்புதல் பெற்ற சட்டமும், 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றியவை. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆசை காட்டாத வாழ்க்கை விளையாட்டுகள் அந்தத் தடைக்குள் வருவதில்லை. இங்கே காவல் நாம்தான். கூகுள் பிளே அமைப்புகளில் ‘ஒவ்வொரு வாங்கலுக்கும் உறுதிப்படுத்தல் கேட்க வேண்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். யுபிஐ செயலியில் தானாகப் பணம் செல்லும் ஒப்புதல்கள் ஏதும் இருக்கிறதா பாருங்கள்; தேவையற்றதை நீக்குங்கள். பணம் போய்விட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் திருப்பிக் கேளுங்கள். யாராவது ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

மற்றொன்று அந்நியர். டமகோச்சிக்குள் வேறு மனிதர் கிடையாது. இன்றைய சில ஆட்டங்களில் பக்கத்து வீட்டில் குடியிருப்பது ஓர் உண்மையான ஆள். அவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையா, நாற்பது வயதுக்காரரா என்பது தெரியாது. பிள்ளைகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரோப்ளாக்ஸை 2024 ஆகஸ்டில் துருக்கியும், 2025 ஆகஸ்டில் கத்தரும் தடை செய்தன. நம் நாட்டில் அது கிடைக்கிறது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரட்டைப் பகுதியை மூடி வைப்பது பெற்றோர் கையில் இருக்கிறது. பெயர், பள்ளி, ஊர், புகைப்படம் எதையும் ஆட்டத்துக்குள் யாருக்கும் தரக்கூடாது என்று சொல்லி வையுங்கள். யாராவது தப்பாகப் பேசினால் “நீ ஏன் ஆடினாய்?” என்று திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை நம்மிடம் சொல்லவே சொல்லாது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. மன வேதனைக்கு ஆலோசனை கேட்க 14416.

வீட்டில் என்ன செய்யலாம்?

வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், பிள்ளை ஆடும் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளையை ஆசிரியராக்கி, “எனக்கும் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். பிறகு இந்த ஐந்து கேள்விகளைப் பேச்சுவாக்கில் கேளுங்கள்.

ஒன்று: இந்த ஆட்டத்தில் எதைச் செய்தால் பாயிண்ட் கிடைக்கிறது?

இரண்டு: தப்பு செய்தால் என்ன ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை என்றால், நிஜத்தில் யாருக்கு வலிக்கும்?

மூன்று: பணம் இல்லாதவருக்கு இந்த ஆட்டத்தில் என்ன நடக்கிறது?

நான்கு: நம் வீட்டில் இருக்கிற எது இந்த ஆட்டத்தில் இல்லை?

ஐந்து: விதியை எழுத உன்னை விட்டால் எதை மாற்றுவாய்?

ஐந்தாவது கேள்விக்குப் பிள்ளைகள் சொல்லும் பதில்கள் நம்மை வியக்க வைக்கும். எங்கள் வகுப்பில் ஒரு சிறுவன், “வாசல்ல ஒரு மிஸ்கீன் வரணும். சோறு கொடுத்தா பாயிண்ட் வேண்டாம், ஆனா அவர் சிரிக்கணும்” என்றான். எந்தப் பயானிலும் நாங்கள் அவனுக்கு அதைச் சொல்லித் தந்த நினைவு இல்லை. வீட்டில் யாரோ சோறு கொடுப்பதை அவன் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

அதனால் ஆட்டத்தைக் குறைப்பதோடு, ஆட்டம் காட்டாத வாழ்க்கையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் கணக்கு எழுத விடுங்கள். ஸதகா கொடுக்கும்போது அவர்கள் கையால் கொடுக்கச் செய்யுங்கள். மாடியில் ஒரு தொட்டியில் கீரை போடச் சொல்லுங்கள். முளைக்க எத்தனை நாள் ஆகிறது என்று அவர்களே எண்ணட்டும். நோயாளியைப் பார்க்கப் போகும்போது கூட்டிப் போங்கள். நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள்; இரவு படுக்கையில் செல் வேண்டாம். அந்த வரம்பு நமக்கும் சேர்த்துத்தான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நாம் செல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தால், பிள்ளைக்கு நாம் சொல்லும் எந்தப் புத்தியும் ஏறாது.

அந்தப் பெண்பிள்ளை

விழுப்புரத்துத் தாய்க்கு நாங்கள் சொன்னது ஒன்றுதான். “பிடுங்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி ஆடுகிறாள் என்று பாருங்கள்.”

பத்து நாள் கழித்து அவர் வந்தார். ஆட்டத்தில் தகப்பனுக்கு ஒரு கோடு இருக்கிறதாம். ஒவ்வொரு வயது கூடும்போதும் மகள் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், தகப்பனோடு நேரம் கழிக்கும் பொத்தானைத்தான் அமுக்குகிறாளாம். ஏன் என்று கேட்டதற்கு, “இதுல அமுக்கினா அத்தா கூட இருக்காரும்மா” என்றாளாம். வயது ஏற ஏற ஆட்டத்துத் தகப்பன் இறந்துபோக, சொத்து வந்ததாகத் திரையில் எழுத்து வந்திருக்கிறது. அதை அப்படியே அம்மாவிடம் படித்துக் காட்டியிருக்கிறாள். சொத்துக்கு ஆசைப்பட்டு அல்ல. அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தத் தாய் கணவரிடம் பேசினார். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குப் பிறகு அத்தா மகளோடு மட்டும் அரை மணி நேரம் வீடியோவில் பேசுகிறார். சில நாள் பள்ளிக்கூடக் கதை, சில நாள் ஓதிய பாடம், சில நாள் அந்த ஆட்டத்தைப் பற்றியும் பேச்சு வருகிறதாம். ஆட்டத்தை அவள் விட்டுவிடவில்லை. முன்பு போல் அதில் மூழ்கிக் கிடப்பதில்லை என்றார் தாய்.

செல்லை அன்றே பிடுங்கியிருந்தால் ஆட்டம் நின்றிருக்கும். மகளின் மனதில் இருந்தது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்கள் கையில் நாம் கொடுக்கும் கருவிக்கும் நாமே பொறுப்பு. உங்கள் பிள்ளை ஆடும் ஆட்டத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் எங்கள் வகுப்பு நேரத்தில் பிள்ளையோடு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கித் தர வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.